மடியில் ஒரு பியூஸ் கட்டை

அக்டோபர் 7, திங்கள்

தொட்டி இன்று காலை பத்தரைக்கு வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கினார்கள். பின்பக்கக் கதவைக் கழற்றித்தான் பின்வராந்தாவுக்குள் கொண்டுபோக முடிந்தது. நவநீதன் டல்லாஸிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டே, "அப்பா, கோடு கீடு விழாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். கோடு விழுந்தது என்னமோ என் சுவரில்தான்.

மகன் அம்மாவுக்காக வாங்கி அனுப்பிய வெந்நீர்த் தொட்டி. நாலு பேர் உட்காரலாம். உள்ளேயே ஹீட்டர், பம்ப், குமிழி விட ஒரு சின்ன மோட்டார். மயிலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம், 'சரி'. எதைக் கேட்டாலும் அதுதான். போனதுதான் போனது, நல்ல வார்த்தையாகப் பார்த்து ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் இத்தனை 'சரி' சொன்னதில்லை.

பயிற்சி கொடுக்க வரும் பிலோமினா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மொதல் ஆறு மாசம்தான் சார் முக்கியம். அதுக்குள்ள எவ்வளவு வருதோ, பெரும்பாலும் அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வெச்சா கால் சீக்கிரம் புடிக்கும்."

ஆறு மாசம் என்றால் தை கடைசி. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் இருந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். லாக் புக் எழுதாமல் ஒரு வேலையும் முடித்ததில்லை. இதற்கும் எழுதுகிறேன். தை முடிவதற்குள் மயிலாத்தாள் நடக்க வேண்டும். அவ்வளவுதான் இந்த நோட்டின் வேலை.

அக்டோபர் 9, புதன்

வயரிங் முழுக்க நானே செய்தேன். தொட்டிக் கடையிலிருந்து வந்த அன்வர், "ஐயா, எங்காளுகளே பண்டிருவாங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார். "தம்பி, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் போஸ்ட்டுல நின்னவன்" என்றேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

தனி எர்த் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு மூடினேன். போர்டைப் பின்வராந்தாவில் தாழ்வாக வைத்தேன். கழுத்து எலும்பு தேய்ந்த பிறகு அண்ணாந்து பார்க்க முடிவதில்லை. அவளுடைய நாற்காலியும் அங்கேதான். உட்கார்ந்தபடி முழு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் வீட்டில் ஃபேன் ரிப்பேர் என்றால், மெயினில் இருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி மயிலாத்தாள் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவேன். அதை முந்தானையில் முடிந்து மடியில் வைத்துக்கொள்வாள். நான் இறங்கி வந்து என் வாயால் கேட்டால்தான் தருவாள். ஒருமுறை நவநீதன் பரீட்சைக்குப் படிக்க லைட் வேண்டும் என்று ஒரு பாட்டம் அழுதான். "உங்கப்பன் எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்று பிடுங்கிய கட்டையை என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

தண்ணீர் நிரப்பி ஹீட்டரைப் போட்டேன். டப். ஈ.எல்.சி.பி. விழுந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் விழுந்தது. ஈ.எல்.சி.பி. என்பது போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் அளந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் துளி வித்தியாசம் வந்தாலும், வேறு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஆள் உடம்பு வழியாகக்கூடக் கசியலாம். அதனால் கணத்தில் லைனை வெட்டிவிடும். காரணம் தெரியாமல் அதை மறுபடி தூக்கிவிட்டு, தண்ணீரில் ஆளை இறக்குகிறவன் மனுஷனே இல்லை.

மெக்கர் மீட்டர் வைத்து ஹீட்டரைப் பார்த்தேன், கசிவு இல்லை. பம்ப்பிலும் இல்லை. தொட்டியே மட்டமான சரக்கு என்று அன்வருக்குப் போன் செய்து கண்டபடி பேசிவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

அன்வர் வந்தார். போர்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணாச் சேத்தி இருக்கறீங்க போலிருக்குதுங்களே?"

"டிரான்ஸ்பார்மர்ல நாங்க அப்படித்தான் சேத்துவோம். அதுதான் பாதுகாப்பு."

"டிரான்ஸ்பார்மர்ல சரிங்கய்யா. ஈ.எல்.சி.பி.க்கு இந்தப் பக்கம் சேத்துனா, போன கரண்ட்டுல கொஞ்சம் எர்த் வழியாத் திரும்பிரும். அது கசிவுன்னு நெனச்சு விழுந்துருமுங்க."

கழற்றினார். போட்டார். விழாமல் நின்றது. அரை மணி நேரம் ஹீட்டர் ஓடியது. என் தப்பு. இதைப் பேனாவால்தான் எழுதுகிறேன், பென்சிலால் அல்ல.

போகும்போது, "டெஸ்ட்டுக்கு மாசம் ஒருக்கா இந்த 'டி' பட்டனை அமுக்கிப் பாருங்க. அமுக்குனா விழோணும்" என்று அமுக்கிக் காட்டினார். டப் என்று விழுந்ததும் மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்வர் இன்னொரு தடவை அமுக்கிக் காட்டினார்.

அக்டோபர் 14, திங்கள்

முதல் நாள். மாலை நாலரை. நானும் பிலோமினாவும் பிடித்து இறக்கினோம். இருபது நிமிஷம் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தாள். வெளியே தூக்கும்போது வர மனசே இல்லை.

பின் தெரு மில் கேண்டீன் பக்கம் போய் இட்லி மாவு வாங்கினேன். மாத்திரை பிரித்தேன். ரசம் வைத்தேன். "எப்படி இருக்குது?" என்றதற்கு "சரி" என்றாள். சமையலும் கைக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 16, புதன்

நவநீதன் தினமும் பார்க்க ஆசைப்படுகிறான். நமக்கு மாலை நாலரை, அவனுக்குக் காலை ஆறு. எழுந்ததும் அம்மா முகத்தில் விழிக்கலாம் என்கிறான். செல்போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன். தொட்டிக்கு நேர் எதிரில் வைத்து வீடியோ கால் போட்டேன். அதை அவன் அங்கே பதிவு செய்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறான். 'அம்மா, நாள் 3' என்று தலைப்பு. குரூப்பில் நாற்பத்தொரு பேர். முப்பது கும்பிடு வந்துவிட்டது. என் அண்ணி, "மயிலா ரொம்ப எளச்சுட்டா" என்று எழுதியிருக்கிறாள்.

மயிலாத்தாளுக்கும் காட்டினேன். "பாத்தியா, ஊரே உன்னப் பாக்குது!" என்றேன். "சரி" என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

நாள் 5. இன்று முழுக்க முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மா, இங்க பாருங்க, கை ஆட்டுங்க" என்று அவன் சொல்கிறான், இவள் திரும்பவில்லை. இடது கையால் துண்டை இழுத்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டாள். துண்டு தண்ணீருக்குள் போய் வடிகட்டியில் சிக்கியது. எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. இவள் நைட்டியோடு பால்காரர் முன்னால்கூட வந்தது கிடையாது, மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டுதான் வாசலுக்கே போவாள். சொந்தக்காரர்கள்தானே பார்க்கிறார்கள், இன்னும் என்ன கூச்சமோ!

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்றும் இன்றும் நவநீதனுக்கு லீவு, காலையில் தூங்குகிற நாள். போன் இல்லை. அரை மணி நேரம் இருந்தாள். கால் கட்டைவிரல் அசைந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

அக்டோபர் 21, திங்கள்

நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்டாண்ட் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் டப். ஈ.எல்.சி.பி. விழுந்து கிடந்தது. காரணம் தெரியாமல் தூக்கக் கூடாது என்பது என் சட்டம். இன்று குளியல் இல்லை. மயிலாத்தாளிடம் சொன்னேன். "சரி" என்றாள். பொறுமைசாலி.

போர்டின் மேல் எண்ணெய்க் கறை. பிலோமினாவின் தைலக்கை எல்லா இடத்திலும் படுகிறது. துடைத்தேன்.

அக்டோபர் 23, புதன்

நேற்றும் விழுந்தது. இன்றும் விழுந்தது. எல்லாம் நாலரை சுமாருக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் முறைக்கு வந்துவிட்டேன். முதலில் ஹீட்டரைக் கழற்றினேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஹீட்டர் இல்லாமலும் விழுந்தது. ஆக ஹீட்டர் யோக்கியன். நாளை பம்ப்.

அக்டோபர் 25, வெள்ளி

பம்ப்பும் யோக்கியன். ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை, பயிற்சி இல்லை. பிலோமினா காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுகுது சார். சீக்கிரம் சரி பண்ணுங்க" என்றார். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பூனையைக்கூட விடவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

விசித்திரம்! நேற்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுப் போட்டேன், விழவில்லை. இன்றும் விழவில்லை. இரண்டு நாளும் ஆனந்தமாக இறங்கினாள். தண்ணீரைக் கையால் என் மேல் தெளித்தாள்.

உட்கார்ந்து யோசித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை விழுகிறது, சனி ஞாயிறு விழுவதில்லை. பின் தெரு மில் இப்போது வேலை குறைவென்று சனியும் ஞாயிறும் லீவு விடுகிறார்கள். நாலரைக்கு அங்கே ஷிப்ட் மாறும், பெரிய மோட்டார்கள் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும், லைனில் ஒரு உதறல் வரும். அதுதான். முப்பத்துநாலு வருஷ அனுபவம் சும்மாவா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு நானே ஒரு அப்பளம் அதிகம் பொரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 30, புதன்

மில் மேனேஜரைப் பார்த்தேன். ஷிப்ட் மாறுவது மூன்று மணிக்காம். நாலரைக்கு அங்கே டீகூடக் கிடையாதாம். சிரித்தார்.

இன்று நவநீதன் போனில் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். நாளை தீபாவளி. எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் வந்து அம்மாவைப் பார்ப்பதாக ஏற்பாடாம். "அப்பா, ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பிரேக்கரை எடுத்துட்டு லைனை நேராக் குடுத்துருங்க. எல்லாரும் ஆசையா இருக்காங்க. அம்மாகிட்டயும் கேட்டேன், சரின்னாங்க."

"அறிவிருக்குதாடா உனக்கு? தண்ணிக்குள்ள இருக்கறவ உங்கொம்மாடா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அவனுக்கு எல்.சி. என்றால் என்னவென்று தெரியாது. லைன் கிளியர். ஒருவன் போஸ்ட்டில் ஏறும் முன் தன் பெயரில் எல்.சி. வாங்குவான். அந்த லைன் அதன் பிறகு அவனுடையது. அவன் இறங்கி வந்து தன் வாயால் திருப்பிக் கொடுக்கும் வரை மந்திரியே வந்தாலும் கரண்ட் விடக் கூடாது. ஒரு சமயம் நான் மேலே இருந்தேன். கல்யாண வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று ஸ்விட்ச் போடுகிறவன் கீழே நின்ற யாரையோ கேட்டிருக்கிறான். அந்த ஆள் "சரி, முடிஞ்சுது" என்றிருக்கிறான். நல்ல வேளை, நான் கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளி இருந்தேன். பதினோரு வருஷம் அந்த ஸ்விட்ச்காரனோடு பேசவில்லை. மேலே இருப்பது நான், எவனோ சொன்ன சரி எதற்கு ஆகும்?

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

புதுப் புடவையை அவள் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். கட்டிவிட எனக்குத் தெரியவில்லை. புது நைட்டி போட்டுவிட்டேன்.

நாலரைக்கு முப்பத்தெட்டு பேர் வீடியோ காலில். டப்.

நவம்பர் 4, திங்கள்

அமெரிக்காவில் நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். இனி அவனுக்குக் காலை ஆறு என்றால் நமக்கு ஐந்தரை. அதனால் குளியலையும் ஐந்தரைக்கு மாற்றினேன்.

பழுதும் ஐந்தரைக்கு மாறிவிட்டது. தெருவிளக்கு போடும் நேரம். அந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

அன்வர் புது ஈ.எல்.சி.பி. கொண்டுவந்து மாட்டினார். அது பத்து நிமிஷம் விழாமல் இருந்தது. ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், டப். அன்வர் தொட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தவர் நிமிர்ந்து தலையைச் சொறிந்தார். "பேய் புடிச்ச லைனுங்கய்யா இது" என்றார். அவர் தந்த பேரீச்சம்பழத்தை மயிலாத்தாள் இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 8, வெள்ளி

கடைசிச் சோதனை. காலையில் யாருக்கும் சொல்லாமல், ஈ.எல்.சி.பி.யிலிருந்து தொட்டிக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டேன். மூடியைப் போட்டு மூடி, லீவரை மேலே தூக்கி வைத்தேன். இனி அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. கசிய இடமே இல்லை.

ஐந்தரைக்கு வழக்கம்போல நாற்காலி. வழக்கம்போல ஸ்டாண்ட் எடுக்க உள்ளே போனேன்.

விழுந்தது.

நவம்பர் 9, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வயர் இல்லாமல் விழ ஒரே வழிதான் உண்டு, யாராவது அமுக்க வேண்டும். 'டி' பட்டனில் எண்ணெய் மினுங்கியது. தினமும் காலையில் மயிலாத்தாளின் இடது கையில் தைலம் தேய்த்துவிடுகிறவன் நான்தான். அந்தக் கறையை மூன்று வாரமாகத் துடைத்தவனும் நான்தான்.

லாக் புக்கை முதலிலிருந்து படித்தேன். அக்டோபர் 21 முதல், போன் வைக்கப் போன நாள், விழுந்த நாள். போன் இல்லாத நாள், விழாத நாள். இரண்டு வரிசையாக எழுதினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் மில்லைப் போய்ப் பார்த்தேன், தெருவிளக்கைப் பார்த்தேன். துண்டை இழுத்து மூடிக்கொண்டவளைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாய் எல்லாவற்றுக்கும் சரி என்கிறது. அவள் வேறு என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறாள். விழுந்த ஸ்விட்சைக் காரணம் தெரியாமல் இவன் தூக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். என்னை நம்பித்தான் அமுக்கியிருக்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் அவள் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"மயிலா, போன்ல எல்லாருக்கும் காட்டறது உனக்குப் புடிக்கலையா?"

"சரி."

"புடிச்சிருக்குதா?"

"சரி."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிகிறது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. இத்தனை நாளாக அந்த வார்த்தை வெளியே வரும்போதெல்லாம் இவள் உள்ளே என்ன பாடு பட்டாளோ.

எழுந்து போய் என் பழைய தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை கிடைத்தது. அதை அவள் இடது கையில் வைத்தேன். "முந்தி மாதிரி. லைன் உம்பேருல. நீ கட்டையைக் குடுத்தாத்தான் நான் செய்வேன். இப்பக் கேக்கறேன். போன் வெக்கட்டுமா?"

கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடியில் போட்டு, துண்டால் மூடி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போனில்லாம எறங்கறியா?"

துண்டை விலக்கி, கட்டையை எடுத்து, என்னை நோக்கி நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். "பாவி மவளே, மூணு வாரம் என்னைப் பேயா அலைய விட்டுட்டியே!" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதேன். எது எதற்கு என்று தெரியவில்லை.

மதியம், வெள்ளியன்று கழற்றிய வயர்களைத் திரும்ப மாட்டி, போர்டில் ஈ.எல்.சி.பி.க்கு முன்னால் அந்தக் கட்டைக்கு ஒரு இடம் செய்தேன். அது இல்லாமல் இனித் தொட்டிக்குக் கரண்ட் கிடையாது.

சாப்பிடும்போது ஒரு சந்தேகம் வந்து, கட்டையைத் திரும்ப அவள் கையில் கொடுத்து ரசத்தைக் காட்டினேன். கட்டை மடிக்குள் போய்விட்டது. அதுவும் துண்டை இரண்டு மடிப்பாக மடித்து மூடிவிட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

ஐந்தரைக்கு நவநீதன் கூப்பிட்டான். சொன்னேன்.

"அம்மா சரின்னுதானேப்பா சொன்னாங்க?"

"உங்கொம்மா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவா, சாமி. அவகிட்ட வேற வார்த்தை இல்ல."

"நான் பாக்கறதுகூடப் புடிக்கலையாப்பா?" ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் பிள்ளை அழுகிறான், திட்ட மனசு வரவில்லை. தப்பு அவன் ஒருவனுடையது அல்ல, ஸ்டாண்டை வாங்கியது நான்.

மயிலாத்தாளைக் கேட்டேன். "புள்ளகிட்ட, குளிச்சு முடிச்சு, சீலை கட்டி, தலை சீவிட்டுப் பேசறியா? வேற ஒருத்தருக்கும் காட்டாம?"

கட்டை வந்தது. உடனே வந்தது.

நவம்பர் 13, புதன்

பிலோமினா சேலை கட்டிவிடச் சொல்லிக் கொடுத்தார். கொசுவம் எனக்கு அடங்கவில்லை. நாலு முறை அவிழ்த்துக் கட்டினேன். தீபாவளிப் புடவை. பொட்டு வைத்துவிட்டேன், கொஞ்சம் கோணல். நவநீதன் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா கட்டினதாம்மா இது?" என்று சிரித்தான். அவள் அவனைப் பார்த்துக் கை ஆட்டினாள். இத்தனை நாளில் இன்றுதான் ஆட்டினாள்.

குரூப்பில் அண்ணி, "ஏன் வீடியோ வருவதில்லை?" என்று கேட்டிருக்கிறாள். பதில் போடவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஈ.எல்.சி.பி. விழவில்லை. கட்டை அவள் கைக்குப் போய் ஒன்பது நாளாகிறது. அன்வருக்குப் போன் செய்து பழுது கிடைத்துவிட்டது என்றேன். "எதுலங்கய்யா?" என்றார். "போர்மேன்ல" என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று கட்டையைத் தரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சினேன், தை வரும் என்று பயமுறுத்தினேன். மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை பரபரத்தது. பக்கத்துக் கடையில் பியூஸ் கட்டை கிடைக்கும், ஐந்து நிமிஷ வேலை. ஒரு நாள் போனால் ஒரு நாள் போனதுதான், திரும்ப வராது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்கும் இருக்கும். போகவில்லை. நானும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் பூண்டு உரித்தேன். துணி காயவில்லை. மத்தியானம் ரசத்துக்குக் கட்டையைத் தந்தாள். இருபது நாளில் முதல் தடவை.

ஐந்து மணிக்குக் கேட்டேன், நீட்டினாள். இறக்கினோம். பத்து நிமிஷம் கழித்துப் பிலோமினா மெதுவாக, "சார், கையை எடுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. "எடுங்க சார், நான் இருக்கேன்ல" என்றார். எடுத்தேன். பிலோமினாவும் எடுத்தார்.

மயிலாத்தாள் நின்றாள். இடது கை தொட்டியின் பிடிகம்பியில், தண்ணீர் இடுப்புக்கு. வலது கால் நடுங்கிக்கொண்டே ஊன்றியிருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினேன்.

போன் உள்ளே மேஜையில் கிடந்தது. நாற்பத்தொரு பேருக்கும் தெரியாது.

துவட்டி, புடவை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்தேன். கட்டையைத் திரும்ப அவள் கையில் கொடுத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"நின்னேன்னு எழுதிக்கட்டுமா?"

கட்டையை நீட்டினாள். அதனால் எழுதியிருக்கிறேன்.

"எத்தன நிமிஷம்னு எழுதட்டுமா? புள்ளைக்குச் சொல்லட்டுமா?"

"சரி" என்றாள். கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூடி, பல்லால் கடித்து இழுத்து ஒற்றைக் கையாலேயே முடிச்சும் போட்டாள்.

எழுதவில்லை.